மை வைத்த விரல்

கூடுதலாக மூன்று ஆசிரியர்களும் பெஞ்சுகளும் கேட்டுத் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை ஜெசிந்தா நகராட்சிக்கு மனு கொடுத்திருந்தார். கவுன்சிலர் உலகநாதன் நம்பவில்லை. "ஆய்வுக்கு வர்றோம்னா ஒரு கிளாஸ் புள்ளைங்களையே அடுத்த கிளாஸ்லயும் உக்கார வச்சிருவீங்க" என்றவர், தேர்தல் மை பாட்டிலோடு பள்ளிக்கு வந்துவிட்டார். ஒரே முகத்தை இரண்டு இடத்தில் எண்ணிவிடக் கூடாதாம். ஒன்றாம் வகுப்பில் டீச்சரையும் விடாமல் எல்லோர் விரலிலும் மை வைத்தார்.

"யாருக்கு ஓட்டுப் போடணும் சார்?" என்றாள் ஒரு சிறுமி.

இரண்டாம் வகுப்பில் பிள்ளைகள் நீட்டிய விரல்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. பின்வாசல் வழியே ஓடிவந்து மூச்சிரைக்க நின்ற டீச்சரின் விரலில் மட்டும் மை இருந்தது.

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட குரலில் உலகநாதன் கேட்டார்: "இங்கயும் நீங்கதானா? எத்தன கிளாஸ்ல தலையக் காட்டுவீங்க?"

"அஞ்சுலயும் சார். தினமும்."