மூணு புள்ளி

“யாரோ ஒருத்தன் இந்த ஊரையே முட்டாளாக்கியிருக்கான், முதலாளி! அவன் யாருன்னு தெரியாம இன்னைக்கு நான் இங்கிருந்து நகர மாட்டேன்!”

குடிநீர் நிலையத்து மெக்கானிக் கையிலிருந்த பித்தளை வால்வை மேஜைமேல் ணங்கென்று வைத்தார். தொட்டிக்கு ஏறிய தண்ணீர் திரும்ப இறங்கிவிடாமல் தடுக்கும் வால்வு.

பம்பு உதிரிபாகக் கடை முதலாளி நிமிர்ந்தார். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த லேத் பட்டறைக்கார அக்காவும் திரும்பிப் பார்த்தாள். பட்டறையை மூடப் போகிறேன், நாளைக்கு மிஷினை ஏற்றிப்போக ஆள் வருகிறான் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் அவள் வந்திருந்தாள்.

“உள்ளூர்ச் சரக்குன்னா ஒருத்தனும் தொட மாட்டேங்கிறான்க்கா. உங்க முகத்துக்காகத்தான் பாதி விலைக்காவது எடுத்தேன். அதுவும் மூலையில தூங்குது” என்று முதலாளி அப்போதுதான் ஆறுதல் சொல்லி முடித்திருந்தார்.

இப்போது மெக்கானிக் பக்கம் திரும்பினார். “என்ன சார் ஆச்சு?”

“நாலு வருஷம் முன்னாடி பத்து வால்வு கொடுத்தீங்க. பத்தும் வெளிநாடுன்னீங்க.”

“ஆமா. ஸ்டிக்கரைப் பார்த்துத்தானே வாங்கினீங்க?”

“இன்னைக்கு மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சேன். ஸ்டிக்கர் கையோட வந்துடுச்சு. அடியில பாருங்க, ஆணி வெச்சுத் தட்டின மாதிரி மூணு புள்ளி. அவ்வளவு பெரிய கம்பெனிக்காரன் கையாலயா தட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பான்? இது இங்கேயே எங்கேயோ செஞ்சது!”

நாட்டைத் திட்டக் கிடைத்தால் முதலாளிக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

“இதுக்குத்தான் தலையால அடிச்சுக்கறேன், இந்த நாடு உருப்படாது! ரோடு போட்டா ஒரு மழைக்குத் தாங்குதா? பாலம் கட்டினா திறப்பு விழாவுக்கு வந்தவன் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் நிக்குதா? எதைத் தொட்டாலும் டூப்ளிகேட். வெளிநாட்டுக்காரன் கால் தூசி பெறுவோமா நாம?”

“நாடு நாடுங்கறீங்களே, அது யாரு முதலாளி? பக்கத்து வீட்டுக்காரனா?” அக்கா கேட்டாள். “நீங்க, நான், இந்தத் தம்பி, நம்மளையெல்லாம் கழிச்சுட்டா மிச்சம் வெறும் மண்ணுதானே?”

“உங்களுக்கென்னக்கா, பட்டறையை இழுத்து மூடிட்டுப் போயிடுவீங்க. பேரு கெடப்போறது எனக்கு” என்றவர் மெக்கானிக் பக்கம் குனிந்தார். குரலும் சேர்ந்து குனிந்தது. “சார், புதுசா ஒண்ணு தர்றேன். விஷயம் வெளியே போக வேண்டாம்.”

மெக்கானிக் அசையவில்லை.

“சரி, ரெண்டு.”

அதற்கும் அசையவில்லை.

“மூணு! இதுக்கு மேலன்னா நான் கடையைத்தான் எழுதித் தரணும்.”

“எத்தனைன்னா கேட்டேன்? யாருன்னு கேட்டேன்!”

அக்கா கைநீட்டி வால்வை எடுத்தாள். புள்ளிகள்மேல் போய் நின்றது அவள் பெருவிரல். மேலே ஒன்று, கீழே இரண்டு. ஃ.

முகம் மாறிவிட்டது.

“தம்பி, இது என் பட்டறையில செஞ்சது. வால்வுக்குள்ள தண்ணி அடைச்சு ஒரு நாள் முழுக்க வெச்சுப் பார்ப்பேன். ஒரு சொட்டு கசியலைன்னாத்தான் இந்த அக்கன்னாவைத் தட்டுவேன். குத்தம் இருந்தா என்னைக் கேளுங்க, பதில் சொல்றேன். ஆனா ஸ்டிக்கர் நான் ஒட்டலை.”

“நீங்களாக்கா?”

“நான்தான். என்ன, ஒழுகிப்போச்சா?”

“ஒழுகிச்சுக்கா. ஒன்பது ஒழுகிச்சு. ஒன்பதும் அசல் வெளிநாடு, நானே கழட்டி மாத்தினேன். இது ஒண்ணு மட்டும் நாலு வருஷமா சொட்டு விடலை! இது மட்டும் ஏன் இப்படி உழைக்குதுன்னு பார்க்கத்தான் இன்னைக்குக் கழட்டினேன்.”

மெக்கானிக் மேஜையில் ஓங்கித் தட்டினார். “அந்த நாட்டுக்காரன் மானத்தை நாலு வருஷமா நம்ம வால்வு காப்பாத்தியிருக்குக்கா! அது தெரியாம நானும் போற இடமெல்லாம், ‘அவன் சரக்குன்னா சரக்கு, நம்மாளுக்கு இது வருமா’ன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். இதைவிட என்ன ஏமாத்து வேணும்?”

அக்கா முந்தானையால் வால்வைத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பவும் துடைத்தாள்.

“புது நிலையத்துக்கு நாற்பது வால்வு வேணும். நாற்பதுலயும் மூணு புள்ளி இருக்கணும். மிஷின் இருக்குல்ல?”

“நாளை மத்தியானம் வரைக்கும் இருக்கும்னு நினைச்சேன்.” அக்கா சிரித்துவிட்டாள். “இனி அது எங்கேயும் போகாது, தம்பி.”

இவ்வளவு நேரமும் முதலாளி முழங்காலால் மேஜை டிராயரைத் தள்ளித் தள்ளி மூடப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடினால்தானே? உள்ளேயிருந்து ஒரு ஸ்டிக்கர் சுருள் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. வால்வில் உரிந்த அதே ஸ்டிக்கர்.

மெக்கானிக் அதைப் பார்த்தார். அவர் வாயெடுப்பதற்குள் அக்கா கையமர்த்தினாள்.

“இருக்கட்டும் தம்பி. யாரோவாவே இருக்கட்டும்.”

எழுந்து வால்வை முதலாளிக்கு முன்னால் நகர்த்தி வைத்தாள்.

“முதலாளி, பெத்தவ நான். என் பிள்ளைக்கு எவன் பேரையோ இனிஷியலா போட்டிருக்கான் அந்த யாரோ. மிஷின் வாங்க வர்றவனை வேண்டாம்னு சொல்லிட்டு ஒரு மணி நேரத்துல திரும்பி வர்றேன். அதுக்குள்ள, மூலையில தூங்குதுன்னீங்களே என் வால்வுங்க, அது அத்தனையிலயும் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை ஒண்ணு விடாம உரிச்சு வைக்கச் சொல்லுங்க, அந்த யாரோவை!”