வகைக்குள் வராத வீடு

ஸ்வீடன் புள்ளியியல் துறைக்காகக் குடும்ப வகைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள் குன்னெல். கறி உருண்டை பொரித்தபடியே வம்பிழுத்தான் டோர்கெல்.

“கல்யாணம் பண்ணாம சேர்ந்து வாழ்றவங்களுக்கு நம்மகிட்ட ஒரே வார்த்தை. காதலிச்சுக்கிட்டே தனித்தனி வீட்டுல இருக்கறவங்களுக்கும் ஒண்ணு. பாவம் இங்கிலீஷ்காரன், ஒரு பாராவே எழுதணும்! ஆமா, நம்ம மாதிரி ஆளுங்களுக்கு?”

“அதுக்கு ஸ்வீடிஷ்லயே வார்த்தை கிடையாது. அடுப்பைப் பாரு, கருகுது!”

அழைப்பு மணி அடித்தது. டோர்கெல்தான் கதவைத் திறந்தான். வாசலில் பூங்கொத்தோடு ஸ்டாஃபன்.

“குன்னெல், உன் காதலர் வந்தாச்சு!” என்று கூவியவன் அவரிடம் சொன்னான்: “சீக்கிரம் கொண்டுவந்து விட்டுடுங்க. காலையில அபார்ட்மெண்ட் பொதுச் சலவை ரூம்ல துவைக்க எங்க முறை.”

ஸ்டாஃபன் முகம் சுளித்தார். “விவாகரத்து ஆகியும் நீங்க இன்னும் காலி பண்ணலையா?”

“ஸ்டாக்ஹோம்ல விவாகரத்து கிடைக்கும், வாடகை வீடு கிடைக்குமா? பேரைப் பதிஞ்சு வரிசையில நிக்கிறேன். அவ்வளவு ஆசைன்னா உங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுங்களேன்!”

ஸ்டாஃபன் தலையைச் சொறிந்தார்.

“என் பழைய பொண்டாட்டியும் அதே வரிசையிலதான் நிக்கிறா.”