சிவப்புக் கோடு

செம்மேட்டில் மிளகு நிறுக்கும் கொட்டகைக்குள் தகர இடுக்கு வழியாகக் காலை வெயில் மடிக்கணினியின் மேல் விழுகிறது. சுசித்ரா ஒரு கையால் திரைக்கு நிழல் கொடுத்துக்கொண்டு மறுகையால் தட்டுகிறாள். மூட்டைகளை ஈரத்தின்படி வரிசைப்படுத்த ஜாவா என்ற கணினி மொழியில் அவளே எழுதிய பட்டியல் இது. போன சந்தையன்று எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டது. ஈரமே அளக்காத குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, மூட்டை ஒன்றும் உள்ளே போக, ஊரே பார்த்து நிற்கும்போது நிரல் பாதியில் நின்றுவிட்டது. இன்று பட்டியலின் பெயருக்குப் பக்கத்தில் தனியாக நின்ற 'டி' என்ற ஆங்கில எழுத்தோடு 'எக்ஸ்டெண்ட்ஸ் ஈரம்' என்று சேர்க்கிறாள். மிளகோ காப்பியோ, தன் ஈரத்தைச் சொல்லத் தெரிந்த எதுவும் உள்ளே வரலாம். மற்றது வர முடியாது. சேர்த்த மறுகணம், கிழங்கைச் சேர்க்கும் பழைய வரியின் அடியில் பிழை என்று காட்டும் சிவப்புக் கோடு நெளிகிறது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. வாசலில் தார்ப்பாயில் காயும் மிளகைக் காலால் துழாவிக்கொண்டிருக்கும் இருசாயி எட்டிப் பார்க்கிறாள். மிளகு வாசம் அவளோடு உள்ளே வருகிறது.

"ஏன் கண்ணு, தானாச் சிரிக்கற?"

"இது என்னையத் திட்டுதுங்கக்கா. அன்னிக்கு நான் உட்ட தப்பை இன்னிக்கு ஓட்டிப் பாக்கறதுக்கு முன்னாடியே காட்டிருச்சு."

இருசாயி ரோட்டைப் பார்க்கிறாள். மூட்டை ஏற்றிய வண்டி எதுவும் இன்னும் வளைவில் திரும்பவில்லை.

"நாலு பேரு வாரதுக்கு முந்தியே திட்டிருச்சா? அப்ப அது நம்ம சனந்தான் சாமி."