ஏட்டில் ஒரே ஒரு பெயர்

“பதினோரு மாசத்துல ஒரே ஒரு தடவைதான் புத்தகம் இரவல் போயிருக்கு! எடுத்துட்டுப் போனவங்க அதையும் திருப்பித் தரலை. உங்க பேட்டைக்கு நூலகம் ஒரு கேடா?”

நியாயம் அறிந்தவர்களே, கேளுங்கள்! இரவல் ஏட்டை உயர்த்திப் பிடித்து, நகரசபை அதிகாரி விட்டேக்கர் ஒரு மக்கள் கூட்டத்தையே முகத்துக்கு நேரே இகழ்ந்ததற்கு நீங்களும் சாட்சியாக இருங்கள். கூரை வேய்ந்தும், பிறர் தோட்டங்களைச் செழிக்க வைத்தும் அந்த நகரத்தைத் தாங்கி நிற்கும் மெக்சிகோ வழிவந்த மக்களின் பாரியோ, அதாவது அவர்கள் குடியிருக்கும் பேட்டை அது. அங்கிருந்த ஒற்றை நூலகத்தை அன்று மாலையோடு இழுத்து மூடிவிடப் பூட்டும் கையுமாக வந்திருந்தார் அவர்.

நூலகத்துக்காகப் பேச மேடையில் நின்றிருந்தாள் யெசெனியா பரகான். அந்தப் பேட்டைத் தெருவில் பிறந்தவள். அந்தத் தெருவையே தன் முதல் நாவலாக எழுதியவள். அவள் நூலகத்துக்குத் தந்த அந்த நாவலின் ஒரே பிரதிதான் ஏட்டிலிருந்த அந்த ஒற்றை இரவல். புத்தகக் கடையே இல்லாத அந்தப் பேட்டையில் வேறு பிரதி கிடையாது. அப்படியானால், தன் மக்களே தன்னைப் படிக்கவில்லையா?

“படிக்கலைன்னு யார் சொன்னது?” டயர் கடை சிப்ரியானோ எழுந்தார். “ஏம்மா யெசெனியா, நாற்பத்திரண்டாம் பக்கத்துல என் கடைச் சேவல் விடியறப்போ கூவுதுன்னு எழுதியிருக்கே. அந்தச் சோம்பேறி என்னைக்குப் பத்து மணிக்கு முன்னாடி வாயைத் திறந்திருக்கு?”

“சேவலை விடுங்க!” என்று பாய்ந்தாள் சலவைக்கடை ரெஃபூஹியோ. “என் கல்யாண விருந்துல மோலேக் குழம்பைச் சாக்லேட் போடாமலே இறக்கிட்டியேடி! ஊர் என்னைப் பத்தி என்ன நினைக்கும்? போதாக்குறைக்கு, கடைசியில அந்தப் பொண்ணை...”

“அடிப்பாவி, முடிவைச் சொல்லித் தொலைக்காதே! எங்க வீட்டு முறை இன்னும் வரலை!” என்று பின்வரிசையில் ஒருத்தி அலறினாள்.

யெசெனியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. விட்டேக்கர் சிரித்தார்.

“எல்லாம் காதுவழிக் கதை. ஏட்டுல இருக்கிறது ஒரே பேர். எவுலாலியா பச்சேகோ. யாரு அந்தத் திருடி?”

தமாலே என்னும் சோளப் பலகாரம் விற்கும் எவுலாலியா அம்மாள், மடியிலிருந்த மரப்பெட்டியோடு எழுந்தார். டிசம்பர் பிறந்தால் குவாதலூப்பே மாதாவின் சுரூபம் அந்தப் பெட்டியில்தான் வீடு வீடாகப் போகும். அடுத்த வீட்டார் மெழுகுவத்தி ஏந்தி வந்து அழைத்துச் செல்வார்கள்.

“இது செபக் கூட்டம் இல்லம்மா. பெட்டியை வெளியே வையுங்க” என்று மறித்தார் விட்டேக்கர்.

“திருடலைய்யா. சனவரியில நான்தான் எடுத்தேன். நூலகம் திறக்கிற நேரத்துல இங்க எல்லாரும் வேலையில இருப்போம். மாதா வராத மாசத்துல பெட்டியும் சும்மாத்தானே கிடக்கு?”

அவர் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே மாதா இல்லை. யெசெனியாவின் நாவல் இருந்தது. நாற்பத்திரண்டாம் பக்கத்தில் டயர் கரி படிந்த கட்டைவிரல் தடம். விருந்துப் பக்கத்தில் குழம்புக் கறை. பின்னட்டையில் ஒட்டிய நீண்ட தாளில், மெழுகுவத்தியோடு வந்து நூலை அழைத்துப்போன தொண்ணூற்றேழு வீடுகளின் கையெழுத்துகள்!

அரங்கம் அதிரக் கைதட்டல் எழுந்தது. விட்டேக்கர் கொண்டுவந்த பூட்டு அவர் கையிலேயே திரும்பிப் போயிற்று.

வாசகரே, இன்றே உம் ஊர் நூலகத்துக்குச் செல்லும், நூலை எடும், நூறு வீட்டுக்கும் கொடும், ஆனால் அந்த நூறு பெயரையும் ஏட்டில் ஏற்றிவிட்டு மறுவேலை பாரும்!