நாற்பதாவது நாள்

கோமதியின் வீட்டுக்கு டீச்சர் சொல்லாமல்தான் வந்திருந்தாள். சொல்லிவிட்டு வந்தால் அது பரீட்சையாகிவிடும்.

கையிலிருந்த நோட்டில் நான்கு தேதிகள். பாடம் முடிந்த மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள். மூன்றுக்கும் டிக் விழுந்திருந்தது.

நாற்பதாவது நாள் இன்று.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். டீச்சருக்கு அதில் பாதி நம்பிக்கைதான். அடிக்கும் அடிக்கும் நடுவே விடுகிற நாட்களில்தான் அம்மி நகர்கிறது என்பது அவள் கட்சி.

கோமதிக்கு வயது பத்தொன்பது. சிறப்புப் பள்ளியின் சமையலறையில் கற்றுக்கொண்டாள். கேஸ் வாடை வந்தால் முதலில் அடுப்பு. பிறகு சிலிண்டர். பிறகு ஜன்னல். சுவிட்சை மட்டும் தொடக்கூடாது.

எத்தனையோ தடவை மறந்தாள். அத்தனை தடவையும் டீச்சர் சொன்னது ஒன்றுதான்.

“மறந்தா பரவால்ல. நாளைக்கு மறுபடி பாப்போம்.”

வீட்டில் கதையே வேறு. அம்மா முப்பிடாதி வேலைக்குக் கிளம்பும்போது சமையலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். மகளுக்கு மத்தியானம் ஆறிப்போன சோறுதான்.

நாற்பது நாள் கழித்தும் நினைவிருந்தால் சாவியைத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். எப்படியும் தரவேண்டியிருக்காது என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு.

டீச்சருக்கு டீ போட அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள் முப்பிடாதி.

“நேத்து சொன்னத இன்னைக்குக் கேட்டா முழிப்பா டீச்சர். இவளாவது, நாப்பது நாளு ஞாபகம் வச்சுக்கிடுறதாவது!”

மகளின் மறதியைப் பற்றி அவளுக்கு நிறைய ஞாபகம் இருந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

உள்ளே பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது.

பேச்சில் யாரும் கவனிக்கவில்லை.

பிறகு வாடை வந்தது.

டீச்சர் பதறி எழுந்தாள். அதற்குள், மூலையில் உட்கார்ந்திருந்த கோமதி சமையலறைக்குள் போயிருந்தாள்.

அடுப்பைத் திருகினாள்.

குனிந்து சிலிண்டரை மூடினாள்.

ஜன்னலை அகலத் திறந்தாள்.

பின்னாலேயே ஓடிவந்த முப்பிடாதி, வாடை போகட்டும் என்று ஃபேன் சுவிட்சுக்குக் கையை நீட்டினாள்.

கோமதி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டாள். இனி அவளுக்கு அங்கே வேலை இல்லை.

பிடிபட்ட கை பாதியில் நின்றது. கோமதி அதை மெல்லத் தடவிக்கொடுத்தாள்.

“மறந்தா பரவால்லம்மா. நாளைக்கு மறுபடி பாப்போம்.”

இதை டீச்சர் பாடமாக நடத்தியதே இல்லை.

முப்பிடாதியின் இன்னொரு கை இடுப்புச் சாவிக்குப் போனது.