முதலில் வேண்டியது மேலே

கோட்டின் வலது கை மறுபடியும் சரிந்து விழுந்தது.

அவர் அதை எடுத்து நெஞ்சின் குறுக்கே மடித்து வைத்தார். இடது கையை அதன்மேல் வைத்தார்.

வைத்ததும் பயமாக இருந்தது.

மனைவி கனியை அப்படித்தான் கிடத்தியிருந்தார்கள்.

இரண்டு கைகளையும் பிரித்துப் பக்கவாட்டில் விட்டார். கொஞ்ச நேரம் கட்டிலைப் பார்க்காமல் நின்றார்.

மே மாதம். விருதுநகர் வெயிலில் மின்விசிறி அனலைத்தான் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தது. கட்டில் நிறையக் கம்பளிக் கோட்டு. பார்த்தாலே வேர்த்தது.

பெட்டி அடுக்குவதற்குக் கனி ஒரு முறை வைத்திருந்தாள். போகிற வழியில் எது முதலில் வேண்டுமோ அது மேலே. நாக்பூர் தாண்டும்வரை ரயில் கொதிக்கும், அதற்குச் சுங்குடிச் சேலை. டெல்லியில் ஏறிய பஸ் மலையைத் தொட்டதும் சால்வை, சாக்ஸ். எல்லாவற்றுக்கும் அடியில் கோட்டு. அதை மணாலியில் இறங்கும்போதுதான் எடுக்க வேண்டும்.

எத்தனையோ தடவை அடுக்கிப் பார்த்திருக்கிறாள். ஒரு தடவையும் பெட்டி வாசலைத் தாண்டவில்லை.

ஒரு வருஷம் அவருடைய அம்மா வழுக்கி விழுந்தார். ஒரு வருஷம் மண்டியில் மிளகாய் வத்தல் வந்து குவிந்துவிட்டது. அடுத்த வருஷம் அவள் வயிற்றில் வலி என்றாள்.

கோட்டு மட்டும் ஊர் ஊராகப் போனது.

மதுரையில் ஸ்வெட்டர் விற்க வரும் திபெத்துக்காரர்களிடம் வாங்கிய கோட்டு. தெருவில் வேறு எந்த வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது, இந்த ஊரில் யாருக்கு வேண்டும்? காசிக்குப் போகிறவர்கள் வந்து கேட்டார்கள். காஷ்மீருக்குப் போகிறவர்கள் கேட்டார்கள். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. கோட்டு பத்ரிநாத் பார்த்தது, சிம்லா பார்த்தது, ஆஸ்திரேலியாகூடப் போய்விட்டு வந்தது.

இதற்கு ஒரு பாஸ்போர்ட் எடுத்துவிடலாம் என்று அவர் கிண்டல் செய்வார். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, திரும்பி வந்த கோட்டை முகத்தில் வைத்து மோந்து பார்ப்பாள். பனி வாசம் அடிக்கிறது என்பாள்.

அவருக்கு யார் தலையிலோ தேய்த்த தைலம்தான் அடிக்கும்.

கடைசியாக ஹரித்துவார் போன கோட்டு, கனியின் காரியம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர்கள் அழுதார்கள். கதவுக்குப் பக்கத்து ஆணியில் ஹேங்கரோடு மாட்டிவிட்டுப் போனார்கள்.

அது அங்கேயே நின்றது.

மண்டியிலிருந்து வந்து கதவைத் திறந்தால், வெளிச்சம் போதாத மூலையில், அவள் உயரத்துக்கு. வந்துட்டேன் என்று பழக்கத்தில் சொல்லியும்விட்டார்.

சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினார்.

மறுநாள் அது அறையைப் பார்த்து நின்றது.

காற்றாக இருக்கும் என்று நினைத்தார். ஜன்னலெல்லாம் சாத்தித்தான் இருந்தது.

அன்றைக்கு முதல் தடவையாக அதில் முகத்தைப் புதைத்தார். அவள் வாசம் இல்லை. எப்படி இருக்கும்? வாங்கிய அன்று கண்ணாடி முன்னால் ஒரே ஒரு தடவை போட்டாள், வேர்க்க வேர்க்க. அதற்குப் பிறகு ஊரே போட்டது. அவளுக்குத்தான் வாய்க்கவில்லை. அவருக்கு ஊர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. கோபம் தீர்வதற்குள் ஸ்டேஷனுக்குப் போய் டெல்லிக்கு டிக்கெட் போட்டுவிட்டு வந்தார்.

இப்போது கோட்டைத் தூக்கிப் பெட்டியின் அடியில் பரப்பினார். கைகளை மடிக்கவில்லை, ஓரமாகச் சுற்றி விட்டார். அதன்மேல் சாக்ஸ், சால்வை. மேலே சுங்குடிச் சேலை, அதற்கு எடுத்த ரவிக்கை, ஸ்டிக்கர் பொட்டு அட்டை.

அவருடைய சட்டையும் வேட்டியும் ஒரு தோள்பைக்குள் அடங்கிவிட்டன.

"அண்ணாச்சி..."

எதிர்வீட்டு ஜெயக்கொடி. வாசலிலேயே நின்றாள். லண்டனில் இருக்கும் மகளுக்குப் பிரசவம், இந்த வாரம் கிளம்புகிறாள். கனி படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது வேளை தவறாமல் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தவள் இவள்தான்.

"கேக்கக் கூச்சமாத்தான் இருக்கு. அங்க மழையும் குளிருமாக் கெடக்காம். அக்காவோட கோட்டை..."

இவளுக்கு எப்படி இல்லை என்பது? கனி இருந்தால் இந்நேரம் கையில் கொடுத்திருப்பாள், போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடு என்றும் சொல்லியிருப்பாள்.

பெட்டியின் மூடியைப் பிடித்தபடி நின்றார்.

"இந்தத் தடவ அவ போறாம்மா."

ஜெயக்கொடி அவரைப் பார்த்தாள். திறந்திருந்த பெட்டியைப் பார்த்தாள். சேலையை, ரவிக்கையை, பொட்டு அட்டையை.

பயந்துவிடுவாள் என்று நினைத்தார். அண்ணாச்சிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று இன்றைக்கே தெரு முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும். கோட்டைத் தருவதாக இல்லை.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பெட்டியின் அருகே குனிந்தாள். சேலைக்கு அடியில் கைவிட்டாள், சால்வைக்கு அடியில் விட்டாள், கோட்டுவரைக்கும் துழாவினாள்.

"அக்காவுக்குக் கிளவுஸ் எடுத்து வைக்கலியே அண்ணாச்சி" என்றாள். "பனியில கை வெறச்சுப் போகுமே."