லைன்ல கோளாறு

"இந்தம்மாவை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்புங்க சார்!"

மேலாளர் லேப்டாப்பை முதலாளி பக்கம் திருப்பினார். இங்கிருந்து ஃபேக்டரி வரை டேட்டா போகும் வழி திரையில் வரி வரியாகத் தெரிந்தது; நடுவே ஒரு வரி மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது. பாக்கெட் லாஸ், அதாவது வழியில் தொலைந்த டேட்டா, அறுபது சதவீதம்.

"போன வாரம் மீட்டிங் நடக்கும்போதே எடுத்தது. ஃபேக்டரி ஆளுங்களோட வீடியோவில பேச உக்கார்ந்தாலே லைன் அறுந்துடுது. கட்டிங் மெஷினுக்குத் தடுப்புக் கம்பி போடுங்கன்னு மாசக்கணக்கா கத்தினாங்களாம். என் காதுல ஒரு வார்த்தை விழல. நேத்து ஒருத்தருக்கு விரலே போயிடுச்சு. நெட்வொர்க்கைப் பார்த்துக்கிற இவங்கதானே பொறுப்பு?"

முதலாளி அவளைப் பார்த்தார். அவள் திரையைச் சுட்டிக் காட்டினாள்.

"சார், சிவப்பா தெரியறது நடுவுல இருக்கிற ரூட்டர். டேட்டாவைக் கடத்தி விடறதுதான் அதுக்கு வேலை. 'இருக்கியா, இருக்கியா'ன்னு இந்த டூல் நச்சரிச்சா, எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டிருக்காது. பதில் வரலைன்னா டூல் அதை 'லாஸ்'னு காட்டிடும்."

"சப்பைக்கட்டு!" என்றார் மேலாளர்.

"கடைசி வரியைப் பாருங்க சார். அதுதான் ஃபேக்டரி."

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "பூஜ்யம்னு போட்டிருக்கு."

"நிஜமாவே வழியில தொலைஞ்சிருந்தா அங்கேயும் சிவப்பு வந்திருக்கணும். எதுவும் தொலையல."

"அப்போ அவங்க பேசினதெல்லாம்…?"

"ஒரு வார்த்தை விடாம இவர் லேப்டாப்புக்கு வந்திருக்கு சார்."

மேலாளரின் முகம் சுண்டிப்போனது. வாயைத் திறக்கப் போனவரை முதலாளி கை காட்டி நிறுத்தினார்.

"நீங்க வெளியே போங்க."

அவர் போய்விட்டார். அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப நன்றி சார். எங்கே என் தலையில விழுந்துடுமோன்னு பயந்துட்டேன்."

"சேச்சே! உன் மேல என்னம்மா தப்பு?"

முதலாளி எழுந்து, தானே போய்க் கதவைச் சாத்தினார்.

"ஏம்மா, அந்தக் கடைசி வரி தெரியாம, சிவப்பு மட்டும் பளிச்சுனு இருக்கற மாதிரி ஒரு படம் எடுத்துக் குடுப்பியா?"

"எதுக்கு சார்?"

"நாளைக்கு விசாரணைக்கு ஆபீசருங்க வராங்க," என்றார், குரலைத் தாழ்த்தி. "கம்பியும் வேணாம் கிம்பியும் வேணாம், கேட்டா லைன் கட்டாயிடுச்சுன்னு சொல்லிடுய்யான்னு மேனேஜருக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தாம்மா!"